அட்மிஷன் போட்டார்கள், படுக்கை மட்டும் வரவில்லை

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. போன மாதம் காய்ச்சலும் வாந்தியும் வந்து, மாலைக்குள் பேச்சு தடுமாறி, என்னைப் பார்த்தே யார் என்று கேட்டார். பெரிய மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். வாசலிலேயே ஒரு நர்ஸ் பி.பி., சுகர் எல்லாம் பார்த்துவிட்டு மஞ்சள் பட்டை கட்டினார். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் டாக்டர் வந்தார். ‘சிறுநீர்த் தொற்று, அட்மிட் பண்ணணும்’ என்று சொல்லும்போது இரவு மணி பத்து. வார்டில் படுக்கை கிடைத்தது மறுநாள் காலை பதினொன்றரைக்கு. அதுவரை அம்மா நடைபாதையில் ஸ்ட்ரெச்சரிலேயே கிடந்தார். எங்களுக்குப் பிறகு போனில் பேசிக்கொண்டே நடந்து வந்த ஓர் இளைஞரை நேரே உள்ளே கூட்டிப்போனார்கள். சளி, இருமலுக்கெல்லாம் வந்து இடத்தை அடைக்கிறார்கள் என்று அங்கே இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். விடியற்காலையில் அம்மா உடுத்தியிருந்த துணியிலேயே சிறுநீர் கழித்துவிட்டார். ஆட்கள் போய்வரும் வழியில், ஒரு மறைப்புகூட இல்லாமல், நான்தான் உடை மாற்றினேன். அந்த ஆத்திரத்தில் ஒரு நர்ஸிடம் கத்திவிட்டேன். அம்மா தேறிவிட்டார். ஆனால், ‘செத்தாலும் பரவாயில்லை, என்னை அங்கே மறுபடி கூட்டிப்போகாதே’ என்கிறார். ‘ஆரம்பத்திலேயே சத்தம் போட்டிருந்தால் வேலை நடந்திருக்கும்’ என்கிறார் அண்ணன். நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த விடியற்காலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நடந்தது தப்பு. வார்டில் படுக்கை கிடைக்காததற்குக் கூட்டம் காரணமாக இருக்கலாம். ஒரு வயதான பெண்மணிக்கு ஆட்கள் நடமாடும் வழியில் உடை மாற்ற வேண்டி வந்ததற்கு எந்தக் கூட்டமும் காரணமாகாது. சக்கரம் வைத்த மறைப்புத் திரையையும் பெட்பேனையும் கொண்டுவரச் சில நிமிடங்கள் போதும். அதிலும் சிறுநீர்த் தொற்று, கூடவே டிரிப்ஸும் ஏறியிருக்கும். அடிக்கடி சிறுநீர் வரும் என்பது மருத்துவமனைக்காரர்களான எங்கள் தரப்பில் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டிய விஷயம். இரவில் யாராவது ஒருமுறை வந்து ‘பாத்ரூம் போகணுமாம்மா?’ என்று கேட்டிருந்தால் இது நேர்ந்திருக்காது.

அவசரப் பிரிவு மருத்துவராகப் பல வருடங்களாக நோயாளிகளிடம் பேசிவருகிறேன். எத்தனை மணி நேரம் காத்திருந்தோம் என்பது நாளடைவில் அவர்களுக்கு மங்கிவிடுகிறது. கூசிப்போன நிமிடம் மங்குவதில்லை. இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன். நடைபாதையில் படுத்திருக்கும் வயதானவர்கள், கழிப்பறைக்குக் கூட்டிப்போகச் சொல்லி யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். காய்ச்சலோடு வந்தவர் தண்ணீர் குடிக்காமல் கிடந்தால் சிறுநீரகம் பாதிக்கும். ஆக, மறைப்புத் திரை என்பது மானத்தோடு மட்டும் முடிகிற விஷயமில்லை.

அந்த இளைஞர் விஷயத்துக்கு வருகிறேன். சிபாரிசாக இருக்குமோ என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். அந்த மாதிரி எதுவும் எங்கேயும் நடப்பதில்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நடந்து வருகிறார், போன் பேசுகிறார் என்பதை வைத்து அவசரத்தை அளக்க முடியாது. நெஞ்சில் ஏதோ அழுத்துகிறது என்று ஒருவர் வாசலில் சொன்னால், வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்து மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள நடைமுறை. பேச்சு லேசாகக் குழறுகிறது, மற்றபடி ஒன்றுமில்லை என்று வருபவருக்குப் பக்கவாதமாக இருந்தால், மூளை ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து 4.5 மணி நேரம்தான் அவகாசம். பாரசிட்டமால் மாத்திரைகளை மொத்தமாக விழுங்கியவர் முதல் நாள் முழுக்கச் சாதாரணமாகவே இருப்பார். கல்லீரல் கெடுவது அதற்குப் பிறகுதான். மாற்று மருந்தை முதல் 8 மணி நேரத்துக்குள் ஆரம்பித்துவிட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். விதை முறுக்கிக்கொண்ட பையன்கள் வெட்கப்பட்டு ‘அடிவயிற்றில் வலி’ என்று மட்டும் சொல்வார்கள். 6 மணி நேரத்துக்குள் அறுவை அரங்குக்குப் போகாவிட்டால் அந்த விதையைக் காப்பாற்றும் வாய்ப்பு வேகமாகக் குறையும். இவர்கள் எல்லோரும் பார்வைக்கு உங்கள் அம்மாவைவிட நன்றாக இருப்பவர்கள். யாருக்கு முதலில் நேரம் தீர்ந்துபோகும் என்பதுதான் வாசலில் நிற்கும் நர்ஸின் கணக்கு.

இந்தக் கணக்குக்கு இருநூறு வருடத்துக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. நெப்போலியன் படையில் அறுவை மருத்துவராக இருந்த டொமினிக் லாரே, தளபதியா சிப்பாயா என்று பார்க்காமல், காயத்தின் கடுமையைப் பார்த்தே யாரை முதலில் கவனிப்பது என்று முடிவு செய்தார். இன்று பல நாடுகளில் புழங்கும் வண்ண முறை 1990களில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் உருவானது. அதில் சிவப்பு என்றால் உடனே, ஆரஞ்சு என்றால் 10 நிமிடத்தில், மஞ்சள் என்றால் 60 நிமிடத்தில் மருத்துவர் பார்க்க வேண்டும். பச்சைக்கு 120 நிமிடம், நீலத்துக்கு 240. மருத்துவமனைக்கு மருத்துவமனை முறை கொஞ்சம் மாறும். மான்செஸ்டர் கணக்கில் பார்த்தால் உங்கள் அம்மாவை இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாகவே பார்த்திருக்க வேண்டும்.

மஞ்சள் பட்டையே சரிதானா என்பது என் மனதில் உள்ள பெரிய கேள்வி. உங்கள் அம்மாவை நான் பரிசோதிக்கவில்லை. ஆனால் காய்ச்சலோடு வந்த ஒருவருக்குப் புதிதாக மனக்குழப்பம் வருவது பெரிய எச்சரிக்கை. இங்கிலாந்தில் 2017இல் திருத்தி வெளியிட்ட நியூஸ் 2 என்ற அபாய அளவீட்டில், நாடித்துடிப்பு, மூச்சு, ரத்த அழுத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. புதிதாக வந்த குழப்பத்துக்கு மட்டும் 3 புள்ளி. ஒரே ஓர் அம்சத்துக்குக் கொடுக்கக்கூடிய அதிகபட்சமே அதுதான்.

இந்தக் குழப்பம் புதிது என்பது வாசலில் பட்டை கட்டிய நர்ஸுக்குத் தெரிந்திருக்குமா? 74 வயதில், ஸ்ட்ரெச்சரில், சம்பந்தமில்லாமல் பேசுகிற ஒருவரைப் பார்த்தால், ஞாபக மறதி நோய் ஏற்கெனவே இருக்கிறது போல என்று நினைத்துக்கொள்வது எளிது. நேற்றைய அம்மாவை அவர் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ‘நேற்று ராத்திரி வரை பேப்பர் படித்துக்கொண்டு, மாத்திரையைத் தானே பார்த்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இன்று மாலை நான்கு மணியிலிருந்து என்னையே அடையாளம் தெரியவில்லை’ என்று வாசலிலேயே சொல்லியிருந்தால், நிறம் மாறியிருக்க வாய்ப்பு உண்டு. உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது எங்கள் வேலை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள் என்றுதான் இதைப் படிக்கும் எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

வயதானவர்கள் விஷயத்தில் மானிட்டரில் தெரியும் எண்களும் ஏமாற்றும். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, உடம்பு எவ்வளவு மோசமானாலும் நாடி அவ்வளவாக ஏறாது. கடுமையான தொற்றிலும் சிலருக்குக் காய்ச்சலே இருக்காது. மாரடைப்பு வந்தும் நெஞ்சு வலிக்காமல், ‘ஒரே அசதியா இருக்கு’ என்பதோடு நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. இதையெல்லாம் ஈடுகட்டுவது, வழக்கமாக அவர் எப்படி இருப்பார் என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லும் இரண்டு வரிதான்.

சளி, இருமலுக்கெல்லாம் ஆட்கள் வருவதால்தான் இந்தக் கதி என்று பேசிக்கொண்டார்கள் என்றீர்களே, அது எங்கேயும் கேட்கிற பேச்சு. எங்கள் துறைக்குள்ளேயே அப்படி நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்து 2007இல் வெளியிட்டார்கள். 8 மணி நேரத்தில் சாதாரணத் தொந்தரவோடு 10 பேர் கூடுதலாக வந்தால், மற்ற நோயாளிகள் அங்கே இருக்க வேண்டிய நேரம் சராசரியாக 5.4 நிமிடம்தான் கூடியது. சளிக்காரரைப் பார்த்து அனுப்பக் கொஞ்ச நேரம் போதும், படுக்கையும் வேண்டாம். உங்கள் அம்மாவின் பதிமூன்றரை மணி நேரம் அங்கே போகவில்லை.

அது போன இடம் மேலே உள்ள வார்டுகள். அவசரப் பிரிவின் முன்வாசலை யாரும் அடைக்க முடியாது; யார் வந்தாலும் பார்த்தாக வேண்டும். பின்வாசல் வார்டுக்குத் திறக்கிறது. வார்டில் ஒருவர் வீட்டுக்குப் போனால்தான் இங்கிருந்து ஒருவர் போக முடியும். அங்கே காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் ‘இன்றைக்கு டிஸ்சார்ஜ்’ என்று சொல்லிவிட்டுப் போவார். டிஸ்சார்ஜ் சம்மரி எழுதி, மருந்து வாங்கி, பில் முடித்து, அழைத்துப்போக ஆள் வந்து, படுக்கையைத் துடைத்து முடிக்கப் பிற்பகல் ஆகிவிடும். சிலர் உடம்பு தேறியும், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அங்கேயே இருப்பார்கள். திட்டமிட்ட அறுவைகளுக்கான படுக்கைகளும் இதே கணக்கில்தான் வருகின்றன. இதற்கெல்லாம் இடையில், அட்மிஷன் போட்ட நோயாளிகள் அவசரப் பிரிவிலேயே தேங்குகிறார்கள். தேங்கியவர்களையும் புதிதாக வருகிறவர்களையும் சேர்த்து அதே நர்ஸுகள்தான் பார்க்க வேண்டும்.

பொறுத்துப்போகிற விஷயம் இது என்று யாராவது உங்களிடம் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இங்கிலாந்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்மிஷன்களை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், வார்டுக்குப் போவது 6 முதல் 8 மணி நேரத்துக்கு மேல் தாமதமான ஒவ்வொரு 82 நோயாளிகளுக்கும் ஒரு மரணம் கூடுதலாக நேர்ந்திருந்தது. பிரான்சில் 97 அவசரப் பிரிவுகளில், 75 வயதும் அதற்கு மேலும் ஆன 1,598 பேரைக் கவனித்து 2023இல் ஓர் ஆய்வு வந்தது. ஓர் இரவு முழுக்க அவசரப் பிரிவிலேயே படுத்திருந்தவர்களில் 15.7 சதவீதம் பேர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள்; நள்ளிரவுக்கு முன் வார்டுக்குப் போனவர்களில் 11.1 சதவீதம். அன்றாட வேலைகளுக்கே பிறர் உதவி வேண்டியிருந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. உங்கள் கோபத்துக்கு அடிப்படை இருக்கிறது, அது வெறும் பொறுமையின்மை இல்லை என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நிர்வாகம் நினைத்தால் செய்யக்கூடியது நிறைய உண்டு. நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஸ்டோனி புரூக் மருத்துவமனையில் ஒரு வழி கண்டார்கள். அவசரப் பிரிவின் ஒரே நடைபாதையில் இருபது பேரை நெருக்கி வைப்பதற்குப் பதிலாக, கட்டடம் முழுவதும் உள்ள வார்டுகளின் நடைபாதைகளுக்கு, வார்டுக்கு ஒருவர், இருவராகப் பிரித்து அனுப்பினார்கள். வார்டு வாசலில் ஒரு நோயாளி படுத்திருப்பதைக் கண்ணால் பார்க்கும்போது அந்த வார்டில் டிஸ்சார்ஜ் வேலைகளும் சுறுசுறுப்பாகும். காத்திருக்கத்தான் வேண்டும் என்றால் வார்டு நடைபாதையே மேல் என்று நோயாளிகளும் சொன்னார்கள். எனக்கு இது நியாயமாகப் படுகிறது. நெருக்கடி மொத்த மருத்துவமனைக்கும் உரியது. அதை ஒரு பிரிவின் தலையில் மட்டும் கட்டிவிடக் கூடாது.

உங்கள் கையில் என்ன இருந்தது என்று பார்ப்போம். அன்றைக்கு மட்டுமில்லை, இனி யாரை எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனாலும் இது உதவும்.

அட்மிஷன் எழுதிய பிறகு, வார்டுக்குப் போவதற்கு முன்னால் உள்ள நேரம்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய நேரம். நோயாளி இரண்டு குழுக்களுக்கு நடுவில் இருப்பார். அவசரப் பிரிவினர், ‘அட்மிஷன் போட்டாயிற்று, இனி வார்டு டாக்டர் பார்ப்பார்’ என்று நினைப்பார்கள். வார்டு டாக்டருக்கோ நோயாளி இன்னும் வந்தே சேரவில்லை. ஆன்டிபயாடிக் ஊசியின் முதல் டோஸ் பெரும்பாலும் சரியாகப் போட்டுவிடுவார்கள். சில மணி நேரம் கழித்து வர வேண்டிய இரண்டாவது டோஸ்தான் இந்த இடைவெளியில் விழுந்துவிடும். வீட்டில் சாப்பிடும் மாத்திரைகளுக்கும் இதே கதிதான். இன்சுலின், வலிப்பு மாத்திரை, பார்க்கின்சன் நோய்க்கான மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை ஆகியவை ஒரு வேளை தவறினாலே சிக்கலாகலாம். எனவே அட்மிஷன் என்று சொன்ன அடுத்த நிமிடம் கேளுங்கள்: ‘வார்டுக்குப் போகும்வரை அம்மாவுக்குப் பொறுப்பு எந்த டாக்டர்? அடுத்த ஊசி எத்தனை மணிக்கு? இன்சுலின் போடலாமா? சாப்பிடக் கொடுக்கலாமா?’ பதிலை ஒரு தாளில் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போட்டுவிட்டு, சாப்பிடக் கொடுக்கலாமா என்று யாரும் சொல்லாமல் விட்டால், சர்க்கரை இறங்கிவிடும். வீட்டு மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். சர்க்கரை மாத்திரைகளிலும் பி.பி. மாத்திரைகளிலும் சிலவற்றைக் கடுமையான தொற்றின்போது நிறுத்தி வைப்போம்.

ஸ்ட்ரெச்சரின் மெத்தை மெல்லியது. ஆளை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக ஆனது, இரவெல்லாம் படுக்க ஆனதில்லை. நகர முடியாத வயதானவருக்குச் சில மணி நேரத்திலேயே குதிகாலும் பின்பக்க எலும்பும் அழுந்திச் சிவந்துபோகும். படுக்கைப்புண் அங்கேதான் ஆரம்பிக்கிறது. குதிகாலைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருக்களித்துப் படுக்கவைக்க உதவி கேளுங்கள். மூக்குக்கண்ணாடியையும் காது மிஷினையும் கழற்றிப் பைக்குள் வைத்துவிட வேண்டாம். ஏற்கெனவே குழம்பியிருப்பவருக்கு, கண்ணும் தெரியாமல் காதும் கேட்காமல், விளக்கு அணையாத ஓரிடத்தில் இரவு கழிவது குழப்பத்தை இன்னும் கூட்டும். இது எந்த இடம், மணி என்ன, நான் யார் என்று அவ்வப்போது மெதுவாகச் சொல்லிக்கொண்டிருப்பதே ஒரு வைத்தியம். அதற்கு நீங்கள் தூங்காமல் இருக்க வேண்டும். அண்ணனோடு முறை வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தம் போட்டிருந்தால் வேலை நடந்திருக்கும் என்கிறார் உங்கள் அண்ணன். சில நேரம் நடக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கத்துகிறவரைச் சமாதானப்படுத்த ஒரு நர்ஸ் வந்து நிற்கும் அந்தப் பத்து நிமிடம் இன்னொரு ஸ்ட்ரெச்சரிலிருந்துதான் போகிறது. சத்தம் போடுகிறவர் சொல்லும் விஷயமும் எடுபடாது. நர்ஸ் கோபத்தைக் கேட்பார், நோயைக் கேட்க மாட்டார். இரண்டு விதமாகப் பேசிப் பாருங்கள். ‘இன்னும் எவ்வளவு நேரம்தான் காத்திருப்பது?’ என்றால் நர்ஸிடம் பதில் இருக்காது. படுக்கை அவர் கையில் இல்லை. ‘எட்டு மணிக்குப் பேசிக்கொண்டிருந்தார். இப்போது கூப்பிட்டாலும் கண் திறக்கவில்லை. மூச்சும் வேகமாக இருக்கிறது. ஒருமுறை பி.பி.யும் சுகரும் பார்க்க முடியுமா?’ என்றால், அவர் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு வந்தாக வேண்டும். வாசலில் கட்டிய நிறம் அந்த நிமிடத்து நிலைமைக்கானது. நிலைமை மாறினால் நிறமும் மாற வேண்டும். அந்த மாற்றத்தை முதலில் பார்க்கப்போவது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான்.

மூச்சு வாங்கி ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமை, எழுப்பினால் எழாத தூக்கம், கைகால் சில்லிட்டு வியர்த்துப்போவது, புதிதாக வந்த வலி, பல மணி நேரமாகச் சிறுநீரே வராதது, சர்க்கரை நோயாளிக்குத் திடீரென நடுக்கமும் வியர்வையும். இவற்றில் எதைப் பார்த்தாலும் தயங்காமல் எழுந்து போய்ச் சொல்லுங்கள். சொல்லியும் யாரும் வராவிட்டால், ஷிஃப்டுக்குப் பொறுப்பான நர்ஸ் யார் என்று கேட்டு அவரிடம் போங்கள். அடுத்து ட்யூட்டி டாக்டர். இது தொந்தரவு கொடுப்பதாகாது. ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் மட்டும், பழையவர்கள் புதியவர்களிடம் ஒப்படைத்து முடித்த பிறகு, ஒருமுறை உங்களை அறிமுகப்படுத்திக்கொண்டு, நடந்ததைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுங்கள். ஒப்படைப்பில்தான் விஷயங்கள் விட்டுப்போகும்.

காத்திருப்பைப் பற்றி இன்னொன்று. டேவிட் மைஸ்டர் என்ற மேலாண்மை ஆய்வாளர் 1985இல் வரிசைகளைப் பற்றி எழுதியபோது, காரணம் தெரியாத காத்திருப்பு காரணம் தெரிந்ததைவிட நீளமாகத் தோன்றும் என்றார். பதற்றம் சேர்ந்தால் இன்னும் நீளும். எங்கள் வராந்தாவில் இரண்டுமே இருக்கின்றன. ‘இப்போது எதற்காகக் காத்திருக்கிறோம்?’ என்று கேளுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவுக்கா, ஸ்கேனுக்கா, வேறு துறை டாக்டர் வரவேண்டுமா, படுக்கைக்கா? நான்கும் வெவ்வேறு. நெஞ்சு வலியோடு வந்தவருக்கு முதல் ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தாலும், சில மணி நேரம் விட்டு மறுபடி எடுத்துப் பார்ப்போம். அந்த இடைவெளியே பரிசோதனையின் ஒரு பகுதி. அதைச் சொல்லாமல் விட்டால், சும்மா உட்காரவைத்திருக்கிறார்கள் என்று எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். போகவும் செய்கிறார்கள். சொல்லாமல் விடுவது எங்கள் தரப்பின் குறை. கூட்டம் எவ்வளவு இருந்தாலும் ஒரு வாக்கியம் சொல்ல நேரம் இருக்கும் என்றுதான் நான் நம்புகிறேன், கூட வேலை செய்பவர்களிடமும் அதைத்தான் வற்புறுத்துகிறேன்.

நீங்கள் கத்திய அந்த நர்ஸை நினைத்து இவ்வளவு நாள் வருந்தியிருக்கிறீர்கள். அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், போதும். அவருக்கும் அந்த இரவு பிடித்திருக்காது. தன் நோயாளி நடைபாதையில் உடை மாற்றுவதை எந்த நர்ஸும் விரும்பிப் பார்ப்பதில்லை.

அம்மா விஷயம் இதைவிட முக்கியம். ‘கூட்டம்மா, அவங்க என்ன பண்ணுவாங்க’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவருக்கு நேர்ந்தது சின்ன விஷயம் என்று நீங்களே சொல்வது போல ஆகிவிடும். ‘நடந்தது தப்புதான், எனக்கும் ஆறவில்லை’ என்று சொல்லுங்கள். பிறகு நிதானமான ஒரு நாளில், எதற்குப் போகாமல் சமாளிக்கலாம், எதற்குப் போயே ஆக வேண்டும் என்று அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடிக்கடி போவது, லேசான காய்ச்சல் என்றால் அன்று பகலிலேயே வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் போய்விடலாம். ஆரம்பத்திலேயே பிடித்தால் பெரும்பாலும் மாத்திரையில் முடிந்துவிடும். காய்ச்சலோடு குழப்பம், மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, முகம் கோணுவது, கை கால் விழுந்துபோவது, நிற்காத ரத்தப்போக்கு வந்தால் நடுராத்திரியானாலும் அவசரப் பிரிவுதான், எவ்வளவு கூட்டமானாலும் சரி. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அவர் கேட்கும் நிபந்தனைகளை நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம். பக்கத்தை விட்டு யாரும் நகரக் கூடாது என்பார், மறைக்க ஒரு பெரிய போர்வை வேண்டும் என்பார். டயப்பர் என்றால் முதலில் மறுப்பார். வற்புறுத்த வேண்டாம், ‘பையில் இருக்கட்டும்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்று உடை இரண்டு, போர்வை, கண்ணாடிக் கூடு, போன் சார்ஜர் போட்டு ஒரு பை தயாராக இருக்கட்டும். கூடவே ஒரே ஒரு தாள்: என்ன நோய்கள், என்ன மாத்திரை எந்த வேளைக்கு, எதற்கு அலர்ஜி, வழக்கமாக எவ்வளவு தூரம் தானே நடப்பார், எவ்வளவு தெளிவாகப் பேசுவார். கடைசி இரண்டும் எந்த மருத்துவமனை ஃபைலிலும் இருக்காது.

அந்த இரவைப் பற்றி மருத்துவமனைக்கு எழுத்தில் கொடுங்கள். பழிவாங்குவது போல ஆகிவிடுமோ என்று தயங்க வேண்டாம். வராந்தாவில் திரை வேண்டும், இரவில் மணிக்கொரு முறை நடைபாதை நோயாளிகளைச் சுற்றிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று நாங்கள் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டுக்கொண்டிருப்போம். அதற்கு வலு சேர்ப்பது உங்களைப் போன்றவர்களின் கடிதம்தான். மணி வாரியாக எழுதுங்கள்: எப்போது வந்தோம், எப்போது டாக்டர் பார்த்தார், எப்போது அட்மிஷன் எழுதினார், எப்போது படுக்கை வந்தது. நடைபாதையில் ஏறக்குறைய எத்தனை பேர் படுத்திருந்தார்கள், எத்தனை நர்ஸுகள் கண்ணில் பட்டார்கள் என்பதையும் சேருங்கள். என்ன வேண்டும் என்பதைத் தனியாகக் கேளுங்கள்; திரை, இரவு ரவுண்ட்ஸ், இரண்டாவது டோஸுக்கு யார் பொறுப்பு என்பது, இந்த மூன்றும் போதும். நகல் ஒன்று எடுத்து வைத்துக்கொண்டு, வாங்கியதற்குக் கையெழுத்தும் பெற்றுக்கொள்ளுங்கள். அனுப்புவதற்கு முன் அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள். அந்த விடியற்காலையைப் பற்றி எவ்வளவு எழுத வேண்டும், எழுதலாமா கூடாதா என்பதை அவரே சொல்லட்டும்.